பழைய ஷேவரைச் சரி செய்வதா, புதுசு வாங்குவதா? அறிகுறி பார்த்து முடிவெடுக்கும் வழி

வேலூர் தோட்டப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் சர்வீஸ் கடைக்கு மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் அளவுக்கு எலெக்ட்ரிக் ஷேவர் வராது. ஆனால் வருகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அவசரம் இருக்கும். சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருப்பதால், இதய வால்வு மாற்றி வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கீமோவில் பிளேட்லெட் இறங்கியவர்கள் வீட்டு ஆட்கள்தான் அதிகம் கொண்டுவருவார்கள். ரத்தம் லேசில் உறையாத உடம்புக்குச் சாதா ப்ளேடு வேண்டாம், எலெக்ட்ரிக் ஷேவரே நல்லது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. "இன்னா அண்ணா, இது நைனாவோடது, அஞ்சாறு வருஷம் ஆச்சு. தேறுமா, இல்ல புதுசு வாங்கிடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

வயசை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த பாகம் போயிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெட்டும் தலையும் பேட்டரியும் தேய்ந்து போனால் மாற்றுவதற்கென்றே இருப்பவை. மோட்டாரோ உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டோ போனால்தான் அந்த மெஷினின் காலம் முடிந்தது என்று அர்த்தம். "செத்துப்போச்சு" என்று என் மேஜைக்கு வருவதில் பெரும்பாலானவை தலை தேய்ந்தவையோ அழுக்கு அடைத்தவையோதான். அதனால் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஷேவர் என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று தெரிய வேண்டும். வட்டமாகச் சுற்றும் மூன்று தலை இருந்தால் ரோட்டரி. பிலிப்ஸ் 1939-லிருந்து செய்துவருவது இந்த வகைதான். நீளமான சல்லடைத் தகடும் அதற்குக் கீழே இடவலமாக ஆடும் ப்ளேடும் இருந்தால் ஃபாயில். ப்ரான், பானாசோனிக் இந்த வகை. இரண்டுக்கும் நோய் ஒன்றாக இருந்தாலும் வைத்தியம் கொஞ்சம் மாறும்.

முடியை வெட்டாமல் இழுக்கிறது, ஒரே இடத்தில் நாலு தடவை ஓட்ட வேண்டியிருக்கிறது

அதிகம் வரும் புகார் இது. இதற்காகவே புதுசு வாங்கிவிடுகிறவர்களும் அதிகம். அவசரப்படாதீர்கள்.

மூன்று நாளுக்கு மேல் வளர்ந்த தாடியில் எந்த ஷேவரும் இழுக்கத்தான் செய்யும். நீண்ட முடி தகட்டின் ஓட்டைக்குள் நுழையாமல் மடங்கிப் படுத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு வந்தவருக்கு நேரடியாக ஷேவர் வைத்தால் மெஷின் மேல் தப்பில்லை. ட்ரிம்மரால் ஒட்ட வெட்டிவிட்டு அப்புறம் ஷேவர் வைத்துப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் தலையைத் திறந்து பாருங்கள். நம்ம ஊர் தண்ணீரின் வேலை அங்கேதான் தெரியும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். குளியலறையில் எவர்சில்வர் சொம்பின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் ஷேவரைக் கழுவக் கழுவத் தலைக்குள்ளும் படிகிறது. முடித்தூள், தோல் எண்ணெய், சோப்பு எல்லாம் அதோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் பசை மாதிரி இறுகிவிடும். போன மாதம் ஆரணியிலிருந்து வந்த ஒரு ரோட்டரியைத் திறந்தேன். மூன்று தலையிலும் வெட்டும் இடுக்குகளில் பாதி அடைந்திருந்தது. குண்டூசியால் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தது. ப்ளேடு நன்றாகவே இருந்தது, முடி உள்ளே போக வழிதான் இல்லை.

ரோட்டரியில் இதைச் சுத்தம் செய்யும்போது ஒன்றை மறக்கவே கூடாது. ஒவ்வொரு தலையிலும் மேல் மூடியும் உள்ளே சுற்றும் ப்ளேடும் ஜோடி. ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து பழகியவை. ஒரு ஜோடியின் ப்ளேடை இன்னொன்றின் மூடிக்குள் போட்டால், திரும்ப ஒன்றுக்கொன்று பழகும்வரை வெட்டு கெட்டுப்போகும். அதனால் மூன்றையும் ஒரே கிண்ணத்தில் கொட்டாதீர்கள். ஒன்றைக் கழற்றி, கழுவி, திரும்பப் பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முதலில் வெந்நீரும் பாத்திரம் விளக்கும் லிக்விட் சோப்பும், பழைய டூத் பிரஷ்ஷும். வெள்ளைப் படிவு அதற்கும் மசியவில்லை என்றால் எலுமிச்சம்பழச் சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊற வையுங்கள். வெள்ளை வினிகர் இருந்தால் அதுவும் ஆகும். ராத்திரி முழுக்க ஊறப் போடாதீர்கள். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீரோ குடிக்கிற கேன் தண்ணீரோ அரை டம்ளர் போதும். போர் தண்ணீரிலேயே அலசினால் எடுத்த சுண்ணாம்பைத் திரும்ப ஏற்றுகிற கதைதான்.

ஃபாயில் வகையில் சல்லடைத் தகட்டை பிரஷ் வைத்துத் தேய்க்கவே கூடாது. அது காகிதத்தைவிட மெல்லியது. உள்ளே இருக்கும் ப்ளேடை மட்டும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தகட்டை ஓடும் தண்ணீரில் காட்டினால் போதும்.

காய்ந்தபின் எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தகட்டின் மேலே விட்டு ஐந்து விநாடி ஓட விடுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவுகிறவர்கள் வாரத்துக்கு ஒரு தரமாவது இதைச் செய்ய வேண்டும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது நாள்பட்டால் பிசுக்காகும், மார்கழி காலையில் உறைந்தும் போகும்.

இவ்வளவும் செய்தபிறகும் இழுத்தால் ப்ளேடு தேய்ந்துவிட்டது. தயாரிப்பாளர்களே சொல்லும் கணக்கு இது: பிலிப்ஸ் ரோட்டரி தலைக்கு இரண்டு வருஷம், ப்ரான் கேஸட்டுக்கு (தகடும் ப்ளேடும் சேர்ந்த தலை) பதினெட்டு மாதம், பானாசோனிக்கில் வெளித் தகட்டுக்கு ஒரு வருஷம், உள் ப்ளேடுக்கு இரண்டு வருஷம். தினமும் ஷேவ் பண்ணாதவருக்கு இதைவிடக் கூட வரும். ஐந்து வருஷமாகத் தலையே மாற்றாமல் "மெஷின் மட்டம்" என்று சொல்வது நியாயமில்லை. தலையை மாற்றுங்கள், மெஷினை அல்ல.

தலை வாங்கும்போது ஷேவரின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். பின்பக்கமோ சார்ஜ் போடும் ஓட்டைப் பக்கமோ பொடி எழுத்தில் இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். ப்ரான் கேஸட்டில் 52எஸ், 52பி என்று எண்ணே அச்சடித்திருக்கும். எண் ஒன்றாக இருந்தால் போதும், கடைசி எழுத்து வெள்ளி நிறமா கறுப்பா என்பதற்குத்தான். டூப்ளிகேட் தலை ஆன்லைனில் ஏராளம். விலை பாதியாக இருக்கும், தகட்டின் ஓரத்தில் பிசிறு இருக்கும். நல்ல உடம்புக்காரர் வேண்டுமானால் போட்டுப் பார்க்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் முகத்தில் அதை வைக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முகத்தில் கீறுகிறது, ஷேவ் செய்தபின் ரத்தப் புள்ளி

இந்த அறிகுறி வந்த அன்றே ஷேவரைக் கீழே வைத்துவிடுங்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பது இதற்கு ஆகாது.

தகட்டைக் கழற்றி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டைகள் எல்லாம் ஒரே அளவில் ஒளி விட வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் தகடு கிழிந்திருக்கிறது. உள்ளே ஆடும் ப்ளேடு அந்தக் கிழிசல் வழியாகத் தோலைத் தொடுகிறது. தொங்கும் பையில் மூடி போடாமல் வைத்திருந்தால், கீழே விழுந்தால், விரலால் அழுத்தினால் கிழியும். ரோட்டரியில் மூடியின் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். ஒட்டு, வெல்டிங், ஃபெவிக்விக் எதுவும் இதற்குக் கிடையாது. தலை மாற்றும்வரை தொடக்கூடாது.

கீறல் இல்லாமல் எரிச்சலும் சிவப்பும் மட்டும் என்றால், பாதி நேரம் காரணம் அழுத்தம். வெட்டு குறைந்ததும் கை தானாக அழுத்த ஆரம்பிக்கும். மேலே சொன்னபடி சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, லேசாக ஓட்டிப் பாருங்கள்.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு மாமாவுடையது, பக்கத்து ரூம்காரருடையது என்று வாங்கி நோயாளிக்கு ஷேவ் பண்ணாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியில் ஹெபடைட்டிஸ் பி போன்ற தொற்று தங்கும். மெஷின் பழசாக இருக்கலாம், தலை அவருக்கென்று தனியாக இருக்க வேண்டும்.

ஆன் ஆகவே இல்லை

முதலில் பட்டனை மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டிக்குள் தானாக ஓடாமலிருக்க டிராவல் லாக் என்று ஒன்று பல மாடல்களில் உண்டு. பஸ்ஸில் பைக்குள் அழுந்தி அது விழுந்திருக்கும். சின்னப் பூட்டுப் படம் மின்னினால் அதுதான். வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் கொண்டுவரும் ஷேவரில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இதற்குக் காசு வாங்க எனக்கு மனசு வராது.

அடுத்தது, ஒயர் சொருகியிருக்கும்போது ஓடவில்லை என்ற புகார். தண்ணீரில் கழுவக்கூடிய, ஈரத்தோடு ஷேவ் செய்யக்கூடிய பெரும்பாலான ஷேவர்கள் பிளக்கில் இருக்கும்போது ஓடாது. ஈரக்கையோடு கரண்டைத் தொடக்கூடாது என்பதற்காக அப்படியே வடிவமைத்தது. ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள்.

அப்புறம் அடாப்டர். கோடையில் இடி மழையோடு கரண்ட் போய் வரும் நாட்களுக்கு அடுத்து அடாப்டர் போய்விட்டதென்று நிறைய பேர் வருவார்கள். வேறு அடாப்டர் மாட்டுவதற்கு முன் அதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். பிலிப்ஸ் அடாப்டரிலேயே 15 வோல்ட்டும் உண்டு, 4.3 வோல்ட்டும் உண்டு. ப்ரான் பலவற்றில் 12 வோல்ட். புது மாடல்களில் யு.எஸ்.பி. வழியாக 5 வோல்ட். சொருகினால் உள்ளே போகிறது என்பதற்காகப் போட்டால் ஒரு நொடியில் போர்டு போய்விடும்; அடாப்டர் வாங்கித் தீர வேண்டிய பிரச்சினை மெஷினையே தூக்கிப்போடுவதில் முடியும். சார்ஜ் ஓட்டைக்குள் இரண்டு ஊசியும் பச்சையாகப் பூத்திருந்தால், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சால் துடைத்து, காய்ந்தபிறகு பாருங்கள்.

சரியான அடாப்டரில் ஒரு மணி நேரம் போட்டும் விளக்கே எரியவில்லை என்றால் பேட்டரியோ போர்டோ. அதைப் பிரித்துத்தான் சொல்ல முடியும்.

சார்ஜ் நிற்கவில்லை

பேட்டரியைக் குறை சொல்லுமுன் ஒரு சோதனை. முழுச் சார்ஜ் ஏற்றி, தலையைக் கழற்றிவிட்டு வெறும் மெஷினை மட்டும் ஓட விடுங்கள். அப்படி நெடுநேரம் ஓடி, தலை மாட்டினால் மட்டும் திணறினால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. அடைத்த, தேய்ந்த தலைதான் மோட்டாரைப் பிடித்து இழுத்து சார்ஜைக் குடிக்கிறது. முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள். தலை இல்லாமலேயே சில நிமிஷத்தில் சுருதி இறங்கி நின்றால் பேட்டரி முடிந்தது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: லித்தியம் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட்டுக்கு அருகில் காட்டும். மோட்டாரை ஓட விட்ட உடனே 3.2-க்குக் கீழே சரிந்தால் அந்த செல்லில் ஜீவன் இல்லை.

லித்தியத்துக்குச் சூடுதான் எமன். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். மூடிய கார் டேஷ்போர்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மேற்குச் சுவர் அலமாரியிலும் வைக்கிற ஷேவரின் பேட்டரி, நிழலில் இருப்பதைவிடச் சீக்கிரம் மூப்படையும். பீரோவுக்குள், துணிகளுக்கு நடுவே வையுங்கள்.

பேட்டரி மாற்றினால் ஷேவருக்கு இன்னும் மூன்று நான்கு வருஷம் கொடுக்கலாம் என்பது என் அனுபவம். ஆனால் இந்த வேலையில் ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பழைய ஷேவர்களில் இருப்பது 1.2 வோல்ட் நிக்கல் செல். பெரும்பாலும் இரண்டு சேர்த்து 2.4 வோல்ட். "எட்டு மணி நேரம் சார்ஜ் செய்யவும்" என்று எழுதியிருந்தால் அநேகமாக அந்த வகை. ஒரு மணி நேரத்தில் நிறைவது பெரும்பாலும் லித்தியம், 3.6 அல்லது 3.7 வோல்ட்; ஆனால் அப்படிச் சீக்கிரம் நிறையும் நிக்கலும் உண்டு. இரண்டும் பென்டார்ச் செல் அளவில்தான் இருக்கும், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. நிக்கல் இருந்த இடத்தில் "இது பவர் ஜாஸ்தி" என்று லித்தியத்தை வைத்தால், சார்ஜை எப்போது நிறுத்துவது என்று அந்த போர்டுக்குத் தெரியாது. செல் வீங்கும், புகையும், தீப்பிடிக்கும். செல்லின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, அதே வகை, அதே வோல்ட், அதே அளவு மட்டும்.

இன்னொன்று, கால் வைத்த செல்லாகக் கேட்டு வாங்குங்கள். இருபுறமும் தகட்டு நாக்கு ஒட்டியிருக்கும். ஈயத்தை அந்த நாக்கில் வைக்கலாம். லித்தியம் செல்லின் மேலேயே சால்டரிங் அயர்னை அழுத்துகிறவரிடம் ஷேவரைக் கொடுக்காதீர்கள். இந்த வகை செல் லாங் பஜார் பக்கம் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நாங்களே பல நேரம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்துதான் வரவழைக்கிறோம். அதனால் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னால், ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

மேல் உறை உப்பியிருந்தாலோ இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜில் போடாதீர்கள். வெட்டவெளியில் எடுத்து வையுங்கள்.

சத்தம் கூடியிருக்கிறது, தலை சுடுகிறது

எண்ணெய் விட்டதும் சத்தம் குறைந்தால் விஷயம் முடிந்தது. கடகடவென்று சீராக இல்லாத சத்தம் என்றால் தலையைக் கழற்றி ஓட்டிக் கேளுங்கள். நின்றுவிட்டால் தலையில் உடைந்த ப்ளேடு. தலை மாற்றினால் போதும். தொடர்ந்தால் உள்ளே பல்சக்கரமோ மோட்டார் புஷ்ஷோ. இங்கேதான் நான் "விட்டுவிடுங்கள்" என்று சொல்ல ஆரம்பிப்பேன். ஷேவர் மோட்டாருக்குத் தனி ஸ்பேர் இங்கே கிடைப்பது அரிது. இன்னொரு உடைந்த மெஷினிலிருந்து எடுத்துப் போடலாம், ஆனால் அது எத்தனை நாள் ஓடும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது

ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அரிசி டப்பாவில் புதைப்பதால் பயனில்லை, மாவுத்தூள் ஓட்டைக்குள் போவதுதான் மிச்சம். ஃபேன் காற்றில் தலை கீழாக இரண்டு நாள். கழுவக்கூடிய ஷேவருக்குள் தண்ணீர் போனதென்றால் ரப்பர் வளையம் இறுகிப்போய்விட்டது, அல்லது யாரோ திறந்து மூடியபோது அது சரியாக உட்காரவில்லை. காய்ந்து ஓடினாலும் இனி அதைக் குழாயடியில் காட்டக்கூடாது. போர்டில் பச்சை பூத்துவிட்டால், துடைத்து ஓட வைத்தாலும் ஆறு மாதத்தில் திரும்ப வரும். மாற்றிவிடுங்கள்.

காசுக் கணக்கு

தலை மட்டும் என்றால் யோசிக்க வேண்டாம், மாற்றுங்கள். பேட்டரி மட்டும் என்றாலும் அப்படியே. தலையும் பேட்டரியும் சேர்ந்து, கூலியோடு, அதே தரத்துப் புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு வாங்கச் சொல்வேன். விலை குறைந்த மாடல்களில் தலையின் விலையே மெஷின் விலைக்கு அருகில் வந்துவிடும்; அங்கே ரிப்பேர் என்ற பேச்சே எடுபடாது. அந்த மாடலுக்குத் தலை வருவது நின்றுவிட்டது என்றாலும் மாற்றுங்கள், மோட்டார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. வாரண்டி இருந்தால் யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள், நான் உட்பட.

புதுசு வாங்கும்போது கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது மெஷினின் விலையை அல்ல, தலையின் விலையை. அது அவர் கடையிலேயே ஸ்டாக் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து தலை, ஏழு தலை என்று வருவதற்கு மயங்க வேண்டாம். ஸ்பேர் கிடைக்காத ஏழு தலையைவிட எங்கும் கிடைக்கிற மூன்று தலை மேல்.

பழைய மெஷினைக் குப்பை வண்டியில் போட்டுவிடாதீர்கள். லித்தியம் செல் லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-இல் வந்த மின்கழிவு விதிகளின்படி பழைய மின்சாதனங்கள் மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பாளர்தான் பொறுப்பு. புதுசு வாங்கும்போதே பழையதை எங்கே கொடுப்பது என்று கடையில் கேளுங்கள். எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குக் கொடுத்தாலும் ஸ்க்ரூவும் மூடியும் இன்னொருவர் மெஷினுக்கு உதவும்.

கடைசியாக, புதுசு போட்ட முதல் வாரமே "பழசே தேவலை" என்று திரும்பி வருகிறவர்களுக்கு. ஃபாயிலிலிருந்து ரோட்டரிக்கு மாறினாலோ, இத்தனை நாள் சாதா ப்ளேடு போட்டிருந்தாலோ, தோல் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை கொஞ்சம் சிவக்கும், கழுத்தில் முடி தப்பும். ரத்தம் மட்டும் வரக்கூடாது. மூன்று வாரத்துக்குப் பிறகும் இழுத்தால், தாமதிக்காமல் பில்லோடு வாங்கிய கடைக்குப் போங்கள்.